பெட்டிக்குள் ஏழு பேர்

“கையக் காட்டுப்பா. ரெண்டையும். திருப்பு… ம். இப்ப தலையக் குனி.”

நாகராஜ் குனிகிறார். வஜீஹா அவருடைய உச்சந்தலைக்கு அரை அடி மேலே மூக்கை வைத்து ஒரே ஒரு மூச்சு இழுக்கிறாள். அவ்வளவுதான், புருவம் ஏறிவிடுகிறது.

“ஷாம்பு போட்டுக்கினு வந்துகீறே.”

“இல்லமா, சீயக்கா…”

“யார்கிட்ட? சீயக்காய்க்கு இந்த வாசம் வருமா? சின்னப் பாக்கெட்டு, பச்சக் கலரு. போ, கீழ குழாயில நல்லா அலசிக்கினு வா. அப்பாலதான் உள்ள வுடுவேன்.”

பாக்கெட்டின் நிறம் வரைக்கும் கண்டுபிடித்துவிட்ட பிறகு மனிதர் என்ன பேசுவார்? துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார். அடையாறில் இருக்கிற இந்தக் குழந்தைப்பேறு சிகிச்சை நிலையத்தில் அட்டெண்டர் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. மாடியில் ஆய்வுக்கூடம், அதற்கு ஒரே கதவு, அந்தக் கதவை மறித்துக்கொண்டு முப்பத்தாறு வயது வஜீஹா. பவுடர் பூசியவர், பூ வைத்தவர், சென்ட் அடித்தவர், காலையில் சாம்பிராணி போட்ட வீட்டிலிருந்து வந்தவர், யாருக்கும் அனுமதி கிடையாது. எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தபோது தெருவைத் தாண்டிப் போய், “சார், புதன்கிழமை வரைக்கும் நிறுத்தி வைங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்று கேட்டுவிட்டு வந்தவள் அவள். பாவம், அவர் பாதிக் கேட் பச்சையும் பாதிக் கேட் துருவுமாக நான்கு நாள் காத்திருந்தார்.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு சின்ன பீரோ அளவுக்குப் பெட்டி. அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு, ஆனால் அங்கே எல்லோருக்கும் அது பெட்டிதான். உடம்பின் சூடு, உடம்பின் இருட்டு, அளந்து விட்ட காற்று. அதற்குள் சின்னச் சின்னத் தட்டுகளில், எண்ணெய்ப் படலத்தின் கீழே ஒரு சொட்டுத் திரவத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத கருக்கள். எந்த வாசனையும் காற்றோடு உள்ளே கலந்தால் கரு வளராமல் நின்றுபோகலாம். தாயின் முட்டையும் தகப்பனின் அணுவும் சேர்ந்து ஒன்றாகி, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிற முதல் சில நாட்கள் அவை வஜீஹாவின் பொறுப்பில். பிறகு அவற்றில் எது தேறும், எதைத் தாயின் வயிற்றில் வைக்கலாம் என்று பொறுக்கிக் கொடுக்க வேண்டும். “அரிசியில கல்லு பொறுக்கற மாதிரிதானே?” என்று பக்கத்து வீட்டு அக்கா அஸ்மத்துன்னிசா ஒரு நாள் கேட்டாள். “இல்ல ஆப்பா, அரிசியில அரிசி பொறுக்கறது” என்றாள் வஜீஹா.

அந்த மூக்கு அவளுக்குப் புகுந்த வீட்டில் கிடைத்தது. கணவர் மெஹபூப் அலிக்குத் திருவல்லிக்கேணியில் அத்தர் கடை. கல்யாணமான புதிதில் அவள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, எது தாழம்பூ, எது ரோஜா, எது கலப்படம் என்று விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தார். அந்த விளையாட்டு இப்போது அவர் தலையிலேயே வந்து விடிந்திருக்கிறது. கடையை மூடியதும் அங்கேயே சட்டையை மாற்றிக்கொண்டு, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் இருக்கிற வீட்டுக்கு வந்து, குழாயடியில் குளித்துவிட்டுத்தான் படியேற வேண்டும். மகள்கள் இரண்டு பேரும் அப்பாவை மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். ஊருக்கெல்லாம் வாசனை விற்கிறவன் வீட்டில் ஒரு ஊதுவத்திக்கு வழியில்லை என்று அவர் புலம்பாத நாளில்லை. ஆனால் பெட்டி காலியாக இருக்கிற நாள் மாதத்தில் ஒன்றாவது வரும். அன்றைக்கு வஜீஹா காதோரம் இரண்டு சொட்டு கஸ்தூரி வைத்துக்கொள்வாள், அன்றைக்குப் பார்த்து மெஹபூப் அலிக்குக் கடை திறக்க நேரமாகிவிடும்.

விலங்கியல் படித்துவிட்டு ஐந்து வருஷம் ஒரு கால்நடைப் பண்ணையில் எருமைக் கருக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். டாக்டர் சூடாமணி இந்த நிலையத்தை ஆரம்பித்தபோது ஆள் தேடி அலைந்து, கடைசியில் அவளைக் கூப்பிட்டு, “எருமைக்குப் பார்த்த கை மனுஷாளுக்கு நடுங்காதோன்னோ?” என்று கேட்டார். “மைக்ராஸ்கோப்புல ரெண்டும் ஒண்ணுதான் மேடம். எருமை மட்டும் திரும்பத் திரும்ப போன் பண்ணி விசாரிக்காது” என்றாள் வஜீஹா. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார், அந்த நிமிஷமே வேலை கிடைத்துவிட்டது.

அவள் அட்டையில் எழுதுவது என்னவோ முறையாக ஏ, பி, சி என்றுதான். வாயில் வருவது வேறு. கரு பிரிந்து வந்த நாலு அறையும், அதாவது நாலு செல்லும், ஒரே அளவில், சுத்தமாக, உருண்டையாக நின்றால் அது லட்டு. ஓரமெல்லாம் உதிர்ந்து துணுக்குத் துணுக்காகக் கிடந்தால் பூந்தி. இரண்டிலேயே நின்றுகொண்டு மேலே நகராமல் கிடப்பது தூங்குமூஞ்சி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, “என்னடா தூங்குமூஞ்சி, எழுந்திரு, மணி என்ன ஆச்சு பாரு” என்று அவள் கொஞ்சுவதைப் புதிதாகக் கேட்கிறவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற வேலை, நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுகிற வரைக்கும் உயிர் கையில் இல்லை, கொஞ்சாமல் எப்படி ஓட்டுவது?

ஒரு வழக்கத்தில் மட்டும் அவள் கறார். கருவுக்குச் சொந்தக்காரர்கள் யாரையும் பார்க்க மாட்டாள். கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கடக்கும்போது தலையைத் தூக்கவே மாட்டாள். “முகத்தப் பாத்துட்டா கை நடுங்கும்பா. எனக்குத் தட்டு போதும், தட்டுல நம்பர் போதும்” என்பாள்.

ஆயுத பூஜை வந்தால் அவளுக்கும் நாகராஜுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டி, தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்து, தராசுக்குக்கூட மாலை போடுகிற ஊரில், ஜெர்மனியிலிருந்து வந்த பெட்டிக்கு ஒரு துளி சந்தனம் கிடையாதா என்று முதல் வருஷம் நாகராஜ் சண்டைக்கே வந்துவிட்டார். வஜீஹா கபாலீசுவரர் கோயில் தேரைப் பார்த்து வளர்ந்தவள், விடுவாளா? “நாகராஜ், கோயில்ல மூலவர் வெளிய வர்றாரா? உற்சவர்தானே வீதி உலா வர்றாரு? நம்ம பெட்டி மூலவரு, அவரு பாட்டுக்கு உள்ள இருக்கட்டும். உனக்கு ஒரு உற்சவர் தரேன், இஷ்டத்துக்கும் பூஜை போட்டுக்கோ” என்று லென்ஸ் உடைந்த பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்து வருஷா வருஷம் வாசல் புங்க மரத்தடியில் உற்சவருக்கு மாலை, பொரி கடலை, கற்பூரம், எல்லாம் அமர்க்களப்படும். மாடியில் மூலவர் வாசனையில்லாமல் சுகமாக இருப்பார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அந்த ஒப்பந்தம் உடைந்தது.

ஆயுத பூஜையன்று காலை ஆறரை மணிக்கு மாடிக் கதவைத் திறந்த வஜீஹா அப்படியே நின்றுவிட்டாள். சந்தனம்! நல்ல மைசூர் சந்தனம், பன்னீரில் குழைத்தது, கூடவே அரை முழம் குண்டுமல்லி. விளக்கைப் போடுவதற்கு முன்பே மூக்கு மூன்றையும் சொல்லிவிட்டது.  விளக்கைப் போட்டாள். பெட்டியின் கதவில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம், மேலே மல்லிகைச் சரம். பெட்டி கல்யாணத்துக்குக் கிளம்பினாற்போல நின்றது.

“நாகராஜ்!”

மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். நாகராஜ் ஓடி வந்தார். 

“நேத்து சாயங்காலம் நீ போனப்புறம் வெச்சேன்மா. கற்பூரம் கொளுத்தல, சத்தியமா. ஊதுவத்தி கூட கிடையாது. சந்தனம் குளுமைதான, அது இன்னா பண்ணப் போவுதுனு…”

“யாரக் கேட்டு வெச்சே?”

“அந்தப் போஸ்டாபீஸ் அம்மா படிக்கட்டுல குந்திக்கினு அழுதுச்சுமா. இதான் கடைசி தபானு டாக்டரம்மா சொல்ட்டாங்களாம். மனசு கேக்கல. உற்சவருக்கு ரெண்டு தபா வேண்டிக்கினேன், அந்தம்மாவுக்கு ஒண்ணும் நடக்கல. சரி, இந்த தபா மூலவருக்கே வெச்சுடுவோம்னு…”

கெட்ட வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் திட்ட நேரமேது? பெட்டிக்குள் ஏழு பேர் இருந்தார்கள். ஏழும் அந்தப் போஸ்டாபீஸ் அம்மாளுடையவை. மதுவந்தி, வயது முப்பத்தெட்டு, மயிலாப்பூர் தபால் நிலையத்தில் கவுண்டர். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். ஏற்கெனவே இரண்டு முறை இங்கேயே வைத்துப் பார்த்து இரண்டும் தங்கவில்லை. முட்டைகள் குறைந்துகொண்டே வருகின்றன, இதற்கு மேல் எடுக்க இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தாநாள் ஒன்பது முட்டை எடுத்து, அதில் ஏழு கருவாகியிருந்தன. இந்த ஏழும் போனால் எட்டாவது கிடையாது.

வஜீஹா மல்லிகையைப் பிடுங்கி நாகராஜ் கையில் திணித்து வெளியே அனுப்பினாள். கொதித்து ஆறின சுத்த நீரில் துணியை நனைத்துக் கதவைத் துடைத்தாள், மோந்தாள், துடைத்தாள், மோந்தாள். பதினோரு தடவை. பிறகு தட்டை எடுத்து, முந்தின நாளே தயாராக வைத்திருந்த புதுச் சொட்டுகளுக்கு ஏழையும் ஒவ்வொன்றாக மாற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள். ஒன்றாம் நம்பரும் நாலாம் நம்பரும் அசல் லட்டு, நாலு நாலு அறை, பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. மூன்று, ஆறு, ஏழாம் நம்பர்கள் பூந்தி, ஒவ்வொன்றிலும் மூன்று அறை, ஓரமெல்லாம் உதிரி. இரண்டும் ஐந்தும் தூங்குமூஞ்சி. வாசனை உள்ளே போயிருக்கிறதா, போய் எதையாவது தொட்டிருக்கிறதா? பார்த்த மாத்திரத்தில் சொல்ல யாராலும் முடியாது.

“என்ன வஜீஹா, மாடிப்படியிலேயே சந்தன வாசனை தூக்கறதே!” என்று பூஜைக்கு உடுத்திய பட்டுப் புடவையோடு சிரித்துக்கொண்டே வந்த டாக்டர் சூடாமணிக்கு, விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

“இன்னிக்கே வெச்சுடலாம். எப்பவும் ரெண்டாம் நாள்தானே வெக்கறோம்? இனிமே ஒரு நிமிஷம் அந்தப் பெட்டியில இருக்கப்படாது. எது நன்னா இருக்கு?”

“ஒண்ணு, நாலு. அப்பறம் மூணு. ஆனா மேடம்…”

“ஆனா என்ன?”

“இன்னிக்கு அழகா இருக்கறது நாளைக்கு மேல பிரிஞ்சு ஓடும்னு என்ன நிச்சயம்? போன ரெண்டு தடவையும் அந்தம்மாவுக்கு லட்டு லட்டாத்தான் எடுத்துக் குடுத்தேன். ஒண்ணும் தங்கல. இப்ப வேற வாசம் பட்டிருக்கு. அடி வாங்கினது எது, தப்பிச்சது எதுனு இன்னிக்குத் தெரியாது மேடம். ஒரு நாள் பொறுத்தா எது ஓடுது, எது நிக்குதுனு கண்ணால பாத்துப் பொறுக்கலாம்.”

“ஏழும் நின்னு போயிடுத்துன்னா? உள்ள வெச்சிருந்தா பொழச்சிருக்குமோன்னு நீயும் நானும் ஆயுசுக்கும் உக்காந்து அழணும்டி!”

 டாக்டர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் அவளைக் கொன்றது. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அந்தம்மாவையே கேட்டுடலாம் மேடம். நடந்ததச் சொல்லிட்டே கேட்டுடலாம்.”

டாக்டர் திரும்பினார். “நீதான் யாரையும் பார்க்க மாட்டியே?”

“இன்னிக்குப் பாக்கறேன்.”

பத்து மணிக்கு மதுவந்தியும் கணவர் சாய்நாத்தும் வந்தார்கள். மதுவந்தி ஒல்லியாக, வெடவெடவென்று, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற கவுண்டர்க்காரிக் கண்களோடு இருந்தாள். நடந்ததைக் கேட்டதும் சாய்நாத் எகிறினார். “யார் டாக்டர் அந்த ஆளு? ஒரு ஆஸ்பத்திரியில இப்படியா…” மதுவந்தி அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு வஜீஹாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கதான் அதுகளைப் பார்த்துக்கறேளா? எப்படி இருக்கு ஏழும்? எனக்கு இது வரைக்கும் யாருமே சொன்னதில்லை.”

வஜீஹா முன்னால் வந்தாள். மேஜை மேலிருந்த பென்சிலை எடுத்து ஏழு வட்டம் போட்டாள். உள்ளே அறைகளைப் போட்டாள். பதற்றத்தில் ஏ, பி, சி எல்லாம் மறந்துபோய், “இது ரெண்டும் லட்டு. இது மூணும் பூந்தி. இதுங்க ரெண்டும் தூங்குமூஞ்சி” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மதுவந்தி அந்தத் தாளையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தபோது குபீரென்று சிரித்துவிட்டாள். “ஏன்னா, பார்த்தேளா, பூந்தியாம்! உங்க அக்கா கல்யாணத்துல போட்டது மாதிரி!” சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணீரும் வந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு தடவையும் ரெண்டாம் நாளே வெச்சோம். ரெண்டு தடவையும் பதினஞ்சு நாள் எண்ணிண்டு உக்காந்திருந்தேன். இந்தத் தடவை இன்னும் ஒரு நாள் கூடுதலா எண்ணிட்டுப் போறேன். ஓடறதைப் பார்த்து எடுங்கோ.”

“ஒண்ணுமே ஓடலைன்னா?” என்று கேட்டார் டாக்டர். கேட்டாக வேண்டியிருந்தது.

“அப்போ நான் அழுதுக்கறேன். நீங்க அழ வேண்டாம்.”

வஜீஹா மாடியேறும்போது வழியில் புங்க மரத்தைப் பார்த்தாள். உற்சவரை மடியில் வைத்துக்கொண்டு நாகராஜ் தரையில் உட்கார்ந்திருந்தார். மாலை இல்லை, பொரி இல்லை. அவளுக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. “இன்னாத்துக்கு இடிச்ச புளி மாதிரி குந்திக்கினு கீறே? இங்கயாவது ஒழுங்கா பூஜைய போடு” என்று அதட்டிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்ததுமே மெஹபூப் அலிக்குப் புரிந்துவிட்டது. குளித்த ஈரத்தோடு எதிரே உட்கார்ந்தார். மூடின கதவைத் தாண்டிச் சந்தன வாசம் உள்ளே போகுமா என்று கேட்டாள். மனிதர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தர் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. “சீல் வெச்ச பாட்டில்லேந்தே என் கடையில வாசம் வருதே வஜீஹா” என்று உருதுவில் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அன்று அந்த வீட்டில் ரொட்டி அப்படியே இருந்தது.

விஜயதசமி காலை. மயிலாப்பூரே குளித்து முழுகிக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கிளம்பியிருந்தது. 29சி பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் தலை நிறைய கதம்பம் வைத்துக்கொண்டு உட்கார, வஜீஹா எழுந்து அடையாறு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். தலை அலசி, கையலசி, உடுப்பு மாற்றிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றபோது மணி ஏழு. பிஸ்மில்லாஹ் என்று கதவைத் திறந்தாள்.

ஒன்றாம் நம்பர். நேற்றைய லட்டு. அதே நாலு. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே, உள்ளே கறுப்புப் பொடி விழுந்து, நின்றுபோயிருந்தது.

நாலாம் நம்பர். ஒரு பக்கம் உடைந்து சரிந்திருந்தது.

வஜீஹா கண்ணை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். இரண்டுமே போச்சு. நேற்று வைத்திருந்தால் இந்த இரண்டைத்தான் வைத்திருப்போம் என்று நினைத்தாள், உடனே, நேற்றே வைத்திருந்தால் இவை நின்றிருக்காதோ என்றும் நினைத்தாள். தூங்குமூஞ்சிகள் இரண்டும் தூக்கம் கலையவில்லை.  மிச்சம் இருந்தது பூந்திகள் மட்டும்தான்.

மூன்றாம் நம்பரைப் பார்த்தாள். எண்ணினாள். ஆறு அறை! இருக்கட்டும், அவசரப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஏழாம் நம்பர், ஏழு.  ஆறாம் நம்பரைக் கண்ணுக்கு நேரே கொண்டு வந்தாள். தட்டை ஒரு நூல் திருப்பினாள். மறுபடி எண்ணினாள். உதிரியெல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்க, நடுவில் எட்டு அறை, ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு, பளிச்சென்று, முழுசாக எட்டு!

“எட்டு!” என்று கத்தினாள். ஆய்வுக்கூடத்தில் தும்மினாலே முறைக்கிறவள். “மேடம், எட்டு! பூந்தி எட்டு! யா அல்லாஹ், எட்டு மேடம்!”

டாக்டர் சூடாமணி படியேறி ஓடி வந்தார். ஐம்பத்திரண்டு வயதும் முட்டி வலியும் எங்கே போயினவோ தெரியாது. கண்ணை வைத்தார், எண்ணினார், வஜீஹாவைப் பார்த்தார், மறுபடி கண்ணை வைத்தார். “அடிப்பாவி, நேத்திக்கு இதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேனே!” இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். பிறகு கையுறை அழுக்காகிவிட்டதென்று வஜீஹாவே டாக்டரைத் திட்டினாள்.

அன்று பதினோரு மணிக்கு மூன்று பூந்திகளையும் மெல்லிய குழாயில் ஏற்றி வஜீஹா எடுத்து வந்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்து பக்கத்து அறை வரைக்கும் பதினாலு அடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் வைத்து முடித்ததும் குழாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஓடி, அதற்குள் ஏதாவது ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். இல்லை. “காலி!” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

வெளியே நாகராஜ் சுவரோடு சுவராக நின்றிருந்தார். “அந்த ரெண்டு லட்டும் என்னாலதான் போச்சாமா?” என்று கேட்டார்.

வஜீஹா உண்மையைத்தான் சொன்னாள். “தெரியாதுப்பா. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எப்பவுமே தெரியாது. இனிமே சாவி என்கிட்ட.” நாகராஜ் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பதினஞ்சாம் நாள் ரத்தப் பரிசோதனை. இருக்கிறது என்று வந்தது. மதுவந்தி தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்தபடியே போனில் கேட்டுவிட்டு, எதிரே நின்றவருக்கு மணியார்டர் பாரத்துக்குப் பதில் கல்யாண வாழ்த்துத் தந்திப் பாரத்தை நீட்டினாளாம். ஆனால் டாக்டர் யாரையும் கொண்டாட விடவில்லை. போன முறையும் இது வரைக்கும் வந்து, அடுத்த வாரமே கலைந்தது. துடிப்பைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பலாம் என்று சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு வாரம்.

நவம்பர் மழை அடையாறையே கரைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மதுவந்தியை ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினார் சாய்நாத். முந்தின நாள் சாயங்காலம் லேசாக உதிரம் பட்டிருந்தது.  ஸ்கேன் அறைக் கட்டிலில் படுத்த மதுவந்தி, “லட்டு மேடத்தையும் வரச் சொல்லுங்கோ” என்று மட்டும் கேட்டாள்.

வஜீஹா வந்தாள். இங்கே வேலைக்கு வந்த இந்த நாலு வருஷத்தில் ஸ்கேன் அறைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது, மதுவந்திக்குத் தெரியாது. டாக்டர் தேடினார். சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாக நகர்ந்தது. ஒன்றுமில்லை. கையைச் சாய்த்து இன்னொரு பக்கம் தேடினார். சாய்நாத் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். 

“என்ன தெரியறது?” என்றாள் மதுவந்தி.

 டாக்டரின் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. திரையில் கறுப்பாக ஒரு குழி, அதன் ஓரத்தில் கடுகளவு ஒரு வெளிச்சம், அணைந்து அணைந்து எரிந்தது. டாக்டர் இன்னும் குனிந்து அதையே பார்த்தார்.

“யாராவது சொல்லுங்கோளேன்! இருக்கா, இல்லையா?”

வஜீஹா கட்டிலோரம் மண்டியிட்டாள். இறுக மூடியிருந்த மதுவந்தியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த உள்ளங்கையில் ஆள்காட்டி விரல் நுனியால், ஒரு துடிப்புகூடத் தப்பாமல், வேகவேகமாகத் தட்ட ஆரம்பித்தாள்.